முதுகுப்பையுடன் பாங்காக் ஆலயங்களைப் பார்ப்பது எப்படி?

பாங்காக் நகரில் 400-க்கும் மேற்பட்ட பௌத்த ஆலயங்கள் இருக்கின்றன. அவற்றோடு சீனர் கோயில்கள், இந்துக் கோயில்கள், கடைவாசல்களிலும் அடுக்குமாடிகளின் முகப்பிலும் ஒற்றைத் தூணின் மேல் நிற்கும் காவல் தெய்வ மாடங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் எண்ணி முடியாது. மூன்று நாள் அவகாசத்தில் வரும் பயணிகள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பெயர்களை எழுதிக்கொண்டு ஓடுகிறார்கள். இரண்டாம் நாள் நண்பகலுக்குள் பொன்வண்ணக் கோபுரங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கிவிடுகின்றன. இந்த நகரத்தில் எதைப் பார்ப்பது என்பதைவிட எந்த நேரத்தில், எந்த வழியாகப் போய், எங்கே உட்காருவது என்பதே பயணத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. கீழே உள்ள யோசனைகள் அந்தக் கணக்கில் எழுதப்பட்டவை.

தங்குமிடமும் போக்குவரத்தும்

1782-இல் மன்னர் முதலாம் ராமர் தலைநகரைத் தோன்புரியிலிருந்து சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றினார். அப்போது உருவான ரத்தனகோசின் என்னும் பழைய நகருக்குள்ளும் அதன் ஓரத்திலும்தான் முக்கியமான ஆலயங்கள் பெரும்பாலும் இருக்கின்றன. முதுகுப்பைப் பயணிகள் வழக்கமாகத் தங்கும் காவ் சான் சாலை இப்பகுதிக்கு அருகில் இருந்தாலும் அங்கு மெட்ரோ நிலையம் இல்லை, இரவில் உறக்கமும் எளிதில் கிடைக்காது. நீல வழித்தட மெட்ரோ 2019-இல் பழைய நகருக்குள் நீட்டிக்கப்பட்ட பிறகு, சாம் யோத் அல்லது ஹுவா லம்போங் நிலையத்தை ஒட்டிய மலிவான விடுதிகளே வசதியானவை என்பது என் கருத்து. சாம் யோத்தில் இறங்கினால் வாட் சுதத் (வாட் என்றால் பௌத்த ஆலயம்), சனாம் சாயில் இறங்கினால் வாட் போ, வாட் மங்கோன் நிலையத்தில் இறங்கினால் சீனர் வட்டாரம் என எல்லாம் நடக்கும் தொலைவில் இருக்கின்றன.

மெட்ரோவுக்கு அடுத்தபடியாகப் பயன்படுவது சாவ் பிரயா ஆற்றுப் படகு. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் 16 பாட் (தாய்லாந்து நாணயம்). நீலக் கொடி கட்டிய சுற்றுலாப் படகு அதைவிட அதிகம் கேட்கும், அதற்கேற்ற கூடுதல் பலன் எதுவும் இல்லை. படகில் ஏறியவுடன் சீட்டுக்காக அலைய வேண்டாம். நீண்ட உலோகக் குழாய் ஒன்றைச் சில்லறை குலுங்க ஆட்டிக்கொண்டு நடத்துநர் கூட்டத்தைப் பிளந்து வருவார், பணத்தை நீட்டினால் அதே குழாயிலிருந்து சீட்டைக் கிழித்துத் தருவார். படகிலும் பேருந்திலும் ரயிலிலும் துறவிகளுக்கென ஒதுக்கிய இருக்கைகள் உண்டு, அவற்றில் மட்டும் உட்காரக் கூடாது.

பையில் எதை வைப்பது

பெரிய பையை விடுதியிலேயே விட்டுவிட வேண்டும். அறையைக் காலி செய்யும் நாளிலும் மாலை வரை பையை வைத்திருக்க விடுதிகள் பொதுவாக மறுப்பதில்லை. மெட்ரோ நிலைய வாசல்களில் பைச் சோதனை உண்டு என்பதாலும், ஆலயக் கூட்டத்தில் முதுகுப் பக்கம் நம் கண்ணுக்குத் தெரியாது என்பதாலும், மார்பில் மாட்டிக்கொள்ளக்கூடிய சிறு பையே போதும். தண்ணீர்க் குப்பி, குடை, ஒரு ஜோடி காலுறை, மெல்லிய முழுக்கால் சட்டை ஆகியவை அதில் இருக்கட்டும். காலுறையைப் பலர் நினைப்பதில்லை. ஏப்ரல் மாத நண்பகலில் சலவைக்கல் முற்றத்தில் வெறுங்காலோடு நான்கடி வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். காலணி எளிதில் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனெனில் ஒரு நாளில் பலமுறை அந்த வேலை இருக்கிறது.

உடையைப் பொறுத்தவரை தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதி ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொது. சிறிய ஆலயங்களில் இதைச் சற்றுத் தளர்த்திக்கொள்வார்கள், ஆனால் மன்னரின் பெரிய அரண்மனை வளாகத்தில் தளர்வே கிடையாது. கையில்லாச் சட்டையின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தால் அங்கே காவலர் ஏற்காமல் போகலாம், கிழிந்த ஜீன்ஸும் உடலை ஒட்டிய காலுடையும் திருப்பி அனுப்பப்படும். வாசலுக்கு வெளியே உள்ள கடைகளில் பூப்போட்ட தொளதொளத்த கால்சட்டைகள் விற்கிறார்கள், அன்று ஒருநாள் தேவைக்கு அவையே போதும்.

முதல் நாள்: ஆறும் மூன்று பெரிய ஆலயங்களும்

அரண்மனையும் அதற்குள் இருக்கும் வாட் பிரா கேவும் காலை 8.30-க்குத் திறக்கின்றன. வெளிநாட்டவருக்கு நுழைவுச்சீட்டு 500 பாட். சீட்டு விற்பனை பிற்பகல் 3.30-க்கு நின்றுவிடும். திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும், பத்து மணிக்குப் பிறகு சுற்றுலாக் குழுக்கள் வந்து இறங்கிவிடும். போகும் வழியில் நன்றாக உடுத்திய ஒருவர் நயமாகப் பேசி, இன்று ஏதோ விழா என்பதால் அரண்மனை மதியம் வரை மூடியிருக்கிறது என்றும், அதுவரை 20 பாட்டுக்கு ஆட்டோவில் வேறு ஆலயங்களைப் பார்த்து வரலாம் என்றும் சொன்னால், நன்றி கூறிவிட்டு வாசலை நோக்கி நடப்பதே சரி. அந்த ஆட்டோ கடைசியில் நகைக்கல் கடையிலோ தையற்கடையிலோதான் நிற்கும். இது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஏமாற்று, காவல்துறையின் எச்சரிக்கைப் பலகைகளுக்கு அருகிலேயே நடக்கிறது. சுற்றுலாக் காவல்துறையின் தொலைபேசி எண் 1155.

வாட் பிரா கேவின் மரகத புத்தர் 66 செ.மீ. உயரமே உடையவர். பெயரில் மரகதம் இருந்தாலும் அது பச்சை நிற ஜேட் வகைக் கல். மிக உயர்ந்த பொற்பீடத்தின் உச்சியில் அமர்ந்திருப்பதால், எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முதற்பார்வையில் சிறு ஏமாற்றம் ஏற்படக்கூடும். கோடை, மழை, குளிர் என மூன்று பருவங்களுக்கும் மூன்று உடைகள் உண்டு, அவற்றை மாற்றும் உரிமை மன்னருக்கு உரியது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

தமிழ் வாசகர் இங்கே அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் சுற்றுப் பிராகாரம். அங்கே ராமாயணத்தின் தாய்லாந்து வடிவமான ராமகியன் 178 ஓவியப் பகுதிகளாகச் சுவர் முழுவதும் தீட்டப்பட்டிருக்கிறது. வடபுறத்தில் தொடங்கி வலமாகச் சுற்றினால் கதை வரிசைப்படி வரும். முதலாம் ராமர் 1797-இல் தொகுத்த கதை இது. நமக்குத் தெரிந்த மனிதர்கள் இதில் வேறு குணத்தோடு வருகிறார்கள். தொத்சகன் என்ற பெயரில் பச்சை முகத்தோடு வரும் ராவணன் வாசற்காவலனாகவும் நிற்கிறான். வெண்ணிற அனுமன் இங்கே பிரம்மச்சாரி அல்லன், சேது கட்டும்போது இடையூறு செய்ய வந்த, ராவணன் மகளான மச்சகன்னியைக் காதலித்து வெல்கிறான். படைகளுக்கு அடியில், ஓவியன் தன் விருப்பப்படி வரைந்த சந்தைக்காரர்களையும் குழந்தைகளையும் குனிந்து தேடிப் பார்ப்பது பயனுள்ள வேலை.

அரண்மனையிலிருந்து தெற்கே பத்து நிமிட நடையில் வாட் போ. 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமும் கொண்ட சயன புத்தரைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். வாசலில் செருப்புக்கு ஒரு பை தருவார்கள். முகத்தின் பக்கம் நெரிசல் அதிகம் என்பதால் பலர் பாதங்களை நின்று பார்ப்பதில்லை. ஆனால் உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி இழைத்து அமைத்த 108 மங்கலச் சின்னங்களே அந்த மண்டபத்தின் நுட்பமான வேலை. சிலையின் முதுகுப் புறத்தில் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன. 20 பாட் கொடுத்துச் சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசாகப் போட்டுக்கொண்டே நடப்பார்கள், அந்தக் கிணுகிணுப்பு மண்டபம் முழுவதும் ஓயாது கேட்கும்.

அதோடு வெளியேறிவிட வேண்டாம். மூன்றாம் ராமர் காலத்தில் மருத்துவம், இலக்கியம், வரலாறு எனப் பல துறை அறிவையும் இங்கே சலவைக்கற்களில் பொறித்து வைத்தார்கள். யுனெஸ்கோ 2011-இல் அந்தக் கல்வெட்டுகளை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. உடலை முறுக்கி ஆசனமிடும் முனிவர் சிலைகளும், புகழ்பெற்ற உடல்பிடிப் பள்ளியும் அந்த அறிவுமரபின் எச்சங்களே. நடந்து களைத்த கால்களுக்கு அங்கேயே ஒரு மணி நேரம் பிடித்துவிடச் சொல்வது வீண்செலவு ஆகாது.

மாலை நான்கு மணிக்குமேல் தா தியன் துறையிலிருந்து சில பாட் கொடுத்துப் படகில் அக்கரைக்குப் போனால் வாட் அருண். உடைந்த சீனப் பீங்கான் ஓடுகளைப் பூவாகவும் இலையாகவும் பதித்துக் கட்டிய அதன் நடுக்கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பதோடு, ஒரு முழத் தொலைவில் நின்றும் பார்க்க வேண்டும். தேநீர்க் கோப்பையின் விளிம்பும் தட்டின் அடிவட்டமும் அப்படியே இருக்கும் துண்டுகளை அப்போதுதான் அடையாளம் காண முடியும். படிகள் மிகச் செங்குத்தானவை, இறங்கும்போது கைப்பிடியை விட வேண்டாம். ஆறு மணிக்கு மூடுவதற்குமுன் இக்கரைக்குத் திரும்பிவிட்டால் கோபுரத்தின் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். இதற்கென மொட்டைமாடி உணவகத்தில் காசு கொடுத்து உட்கார வேண்டியதில்லை, படகுத்துறையை ஒட்டிய கரையே போதும்.

உள்ளே நடந்துகொள்ளும் முறை

ஓர் ஆலய வளாகத்தில் பல மண்டபங்கள் இருக்கும். அவற்றில் எது மிகப் புனிதமானது என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு கட்டடத்தைச் சுற்றி எட்டுத் திசையிலும் இலை வடிவ எல்லைக்கற்கள் நின்றால், அதுவே துறவிகள் தீட்சை பெறும் உபோசத மண்டபம். வாசற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்ல வேண்டும். உள்ளே போனதும் நின்றபடி படம் எடுப்பதை விட்டுவிட்டு, ஓரமாகத் தரையில் கால்களைப் பின்புறம் மடித்து உட்கார வேண்டும். பாதம் புத்தரை நோக்கியோ துறவியை நோக்கியோ நீளக் கூடாது. வணங்க விரும்பினால் மண்டியிட்டு மூன்று முறை நெற்றி தரையில் படும்படி வணங்கலாம், விரும்பாவிட்டால் அமைதியாக உட்கார்ந்திருந்தாலே மரியாதைதான். பெண்கள் துறவியின் மீது படக் கூடாது, கையிலிருந்து கைக்குப் பொருள் கொடுக்கவும் கூடாது. அவர் விரிக்கும் துணியின் மேல் வைத்துவிடலாம்.

நம்மவர்களுக்கு எளிதில் ஒட்டிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புத்தர் வடிவம் இருக்கிறது. திங்களுக்குக் கையுயர்த்தியவர், செவ்வாய்க்குச் சயனித்தவர், வியாழனுக்குத் தியானத்தில் அமர்ந்தவர், சனிக்கு நாகம் குடைபிடிக்க இருப்பவர். புதன் மட்டும் பகல், இரவு என இரண்டாகப் பிரிவதால் மொத்தம் எட்டுச் சிலைகள் வரிசையாக இருக்கும். பிறந்த கிழமை தெரிந்தால் உரியவர் முன் ஒரு மெழுகுவத்தி, மூன்று ஊதுவத்தி, ஒரு தாமரை மொட்டு வைத்து வணங்கலாம். கூண்டுப் பறவையைக் காசு கொடுத்து விடுவிக்கச் சொல்லி யாராவது அழைத்தால் மட்டும் ஒதுங்கிவிடுங்கள். விடுவிப்பதற்கென்றே பிடித்து வந்த பறவைகள் அவை.

இரண்டாம் நாள்: கூட்டம் குறைந்த பழைய நகர்

நகரத்தில் ஒரே ஓர் ஆலயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவரை நான் வாட் சுதத்துக்கே அனுப்புவேன். அரண்மனை வளாகத்தின் பளபளப்பு அங்கே இல்லை. சுகோதை என்னும் பழைய தலைநகரிலிருந்து முதலாம் ராமர் ஆற்றுவழியே கொண்டுவந்த 8 மீட்டர் உயர வெண்கலப் புத்தர், மங்கிய சிவப்பும் பச்சையுமாக ஓவியம் தீட்டிய தூண்களுக்கிடையே அமர்ந்திருக்கிறார். பக்கவாட்டுக் கதவுகள் வழியே காற்று வரும் அந்தத் தரையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்பமாட்டார்கள்.

வாசலுக்கு எதிரே சிவப்பு வண்ணத்தில் உயர்ந்து நிற்பது பெரிய ஊஞ்சல். மார்கழி, தை மாதங்களை ஒட்டி அரசவைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவாய் விழாவில், ஊஞ்சலில் வானளாவ ஆடி எதிர்க் கம்பத்தில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்கள். விபத்துகள் நேர்ந்ததால் 1935-இல் ஊஞ்சலாட்டம் நின்றது. இப்போதுள்ள தேக்குத் தூண்கள் 2007-இல் நிறுவப்பட்டவை. அந்த விழாவின் பெயர் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையிலிருந்தே வந்தது என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற செய்தி. ஊஞ்சலின் அருகே சிவன், பிள்ளையார், திருமால் ஆகியோருக்குத் தனித்தனிச் சந்நிதிகளோடு 1784-இல் கட்டிய தேவஸ்தானம் இருக்கிறது. இன்றும் விழா அங்கேதான் நடக்கிறது. சந்நிதிக் கதவுகள் எல்லா நேரமும் திறந்திருப்பதில்லை, ஆயினும் முற்றம்வரை போய்வரலாம். கோபுரத்தையும் விமானத்தையும் எதிர்பார்க்க வேண்டாம், மூன்று எளிய வெள்ளைக் கட்டடங்களே உள்ளன.

அங்கிருந்து பம்ருங் முவாங் சாலையில் கிழக்கே நடக்க வேண்டும். நடைபாதையின் இருபுறமும் ஆளுயர வெண்கலப் புத்தர்கள் நெகிழித்தாள் சுற்றியபடி விற்பனைக்கு நிற்பார்கள். துறவிகளுக்குக் காணிக்கை தருவதற்கென்று சோப்பு, பற்பசை, குடை, காவித்துணி எல்லாம் அடக்கிய ஆரஞ்சு வாளிகள் அடுக்கியிருக்கும். சற்றுத் தள்ளியுள்ள பான் பாத் என்னும் சந்தில், எட்டு இரும்புத் தகடுகளை இணைத்துச் சுத்தியலால் தட்டித் துறவிகளின் பிச்சைப் பாத்திரம் செய்யும் சில குடும்பங்கள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. வழி தெரியாவிட்டால் சுத்தியல் ஓசையைக் கேட்டுப் போகலாம்.

அதற்கு அப்பால் வாட் சகேத்தின் பொன்மலை. மூன்றாம் ராமர் எழுப்பிய தூபி சதுப்பு நிலத்தில் சரிந்துபோக, அந்த இடிபாடே குன்றாகி, ஐந்தாம் ராமர் காலத்தில் அதன் உச்சியில் இப்போதைய தூபி அமைந்தது. கபிலவஸ்துவை ஒட்டிய பிப்ரஹ்வாவில் கண்டெடுத்து, 1899-ஐ ஒட்டி ஆங்கிலேய இந்திய அரசு வழங்கிய புத்த தாதுவின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. 300-க்கு மேற்பட்ட படிகள் மரநிழலில் வளைந்து ஏறுவதால் மூச்சு வாங்காது. காலரா பரவிய காலத்தில் பிணங்களைக் கழுகுகளுக்கு இட்ட இடமும் இதுவே, அடிவாரத்தில் அதைக் காட்டும் சிலைகள் உள்ளன. எதிரே 37 இரும்புச் சிகரங்களோடு தெரிவது லோஹ பிரசாத். 1846-இல் தொடங்கிய இந்தக் கட்டடத்துக்கு இலங்கையின் அனுராதபுரத்திலுள்ள லோவமகாபாய என்னும் பழைய கட்டடமே முன்மாதிரி. நடுவிலுள்ள சுழற்படியில் ஏறினால் பழைய நகரம் முழுவதும் தெரியும்.

சீனர் வட்டாரமும் நவீன நகரமும்

வாட் டிரைமித்தின் பொற்புத்தர் ஐந்தரை டன் எடை உடையவர். 1955-இல் இடம் மாற்றும்போது மேற்பூச்சு உடைந்த பிறகே உள்ளிருந்த பொன் தெரிந்தது. ஒரு மணி நேரம் போதும். 1871-இல் தோன்றிய வாட் மங்கோனில் அதிக நேரம் நில்லுங்கள். பிறந்த ஆண்டு விலங்குக்கு நடப்பு ஆண்டு ஒவ்வாதவர்கள் சீனப் புத்தாண்டை ஒட்டி இங்கே பெயர் எழுதி வைத்துப் பரிகாரம் செய்யும் கூட்டம், நம் சனிப்பெயர்ச்சிக் கூட்டத்துக்குக் குறைந்ததல்ல. சைவ உணவு வேண்டுவோர் மஞ்சள் கொடியில் சிவப்பாக, பார்வைக்கு 17 என்ற எண்போலத் தோன்றும் எழுத்தைத் தேட வேண்டும். அந்தக் கடைகளில் மீன் சாறும் வெங்காயம் பூண்டும் சேராது. மற்றக் கடைகளில் காய்கறி என்று கேட்டாலும் மீன் சாறு சேர்ந்துவிடும்.

பொன்மலைக்கு அருகிலுள்ள பான்பா துறையிலிருந்து கால்வாய்ப் படகில் பிரதுனாம் வரை போய்ச் சற்று நடந்தால் எராவான் சந்நிதி. அவ்விடத்தில் விடுதி கட்டும்போது நேர்ந்த தடைகள் நீங்க 1956-இல் நிறுவிய நான்முகப் பிரம்மன் இவர். நேர்த்திக்கடன் செலுத்துவோர் பணம் கட்டி நடனமாடச் செய்வார்கள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.

சீலோம் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் சுராசக் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது. சாமந்தி மாலையும் தேங்காயும் தட்டில் ஏந்தி நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள் என்பது முதலில் வியப்பாக இருக்கும். நவராத்திரி நிறைவு இரவில் சாலையையே அடைத்து ஊர்வலம் நடக்கும். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

நாள் பார்ப்பது

பௌத்தரின் விரத நாள்கள் வளர்பிறை, தேய்பிறை அட்டமிகளிலும் பௌர்ணமி, அமாவாசையிலும் வருகின்றன. வீட்டில் கிழிக்கும் நாள்காட்டியே போதும், ஒரு நாள் முன்பின் ஆகலாம். அந்நாள்களில் ஆலயங்களில் உள்ளூர் மக்கள் ஓதுவதையும் உபதேசம் கேட்பதையும் காணலாம். வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி வரும் விசாகப் பூசையன்று அந்தி வேளையில் தாமரை, ஊதுவத்தி, மெழுகுவத்தி ஏந்தி மண்டபத்தை மும்முறை வலம்வருவார்கள். வெளிநாட்டவரும் தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம். துறவிகளுக்கு அமுதிடுவதைப் பார்க்க, காலை ஆறு மணியளவில் வாட் பெஞ்சமபோபித் என்னும் சலவைக்கல் ஆலயத்தின் வாசலுக்குப் போக வேண்டும். தள்ளி நின்று, ஒளிவிளக்கை அணைத்துவிட்டுப் படம் எடுக்கலாம்.

புத்தர் சிலை வாங்கி ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்கள், அதற்கு நுண்கலைத் துறையின் ஏற்றுமதி அனுமதி தேவை என்பதையும், அது கிடைக்கச் சில நாள் ஆகும் என்பதையும் கணக்கில் கொண்டு பயணத்தின் தொடக்கத்திலேயே வாங்கிவிட வேண்டும். அவ்வளவு அவகாசம் இல்லாதவர்கள், பான் பாத் சந்தில் ஒரு பிச்சைப் பாத்திரத்தை வாங்கிக்கொள்ளலாம்.